பார்வைக்கு விலை, கிளிக்குக்கு விலை: மந்த காலங்களில் இணையதள வருமானம்

இணையதளத்தை வைத்துப் பணம் ஈட்டும் தொழிலுக்கு 1994 அக்டோபர் 27ஐப் பிறந்த நாளாகக் கொள்வது வழக்கம். அன்றுதான் சான் பிரான்சிஸ்கோவின் வயர்டு இதழ், ஹாட்வயர்ட் என்ற தன் இணையதளத்தைத் தொடங்கியது. பக்கத்தின் தலையில் 468 புள்ளி அகலமும் 60 புள்ளி உயரமும் கொண்ட ஒரு பட்டை, அதில் ஏ.டி. அண்டு டி. முதலிய நிறுவனங்களின் விளம்பரம். பத்திரிகையில் இடம் விற்பதைப் போலவே அந்தப் பட்டையும் விற்கப்பட்டது. இத்தனை மாதத்துக்கு இவ்வளவு என்று விலை பேசியாயிற்று. பார்த்தவர் பொருளை வாங்கினாரா இல்லையா என்பது இடம் விற்றவரின் கவலை அல்ல.

அதற்குப் பிறகு அமெரிக்கப் பொருளாதாரம் மூன்று முறை சுருங்கியது: 2001இல், 2007 டிசம்பர் முதல் 2009 ஜூன் வரை, பிறகு 2020இன் தொடக்கத்தில். மூன்று முறையும் இணையதளங்களின் வருமானம் அடிவாங்கியதோடு நிற்கவில்லை. பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்ற கணக்கும் மாறியது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கு விளைந்தாலும் காய்ந்தாலும் பேசிய தொகை வந்துவிடும். வாரத்துக்கு விட்டவர் விளைச்சலில் பங்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். குத்தகையில் தொடங்கிய இணையதளக்காரர்கள் மந்தத்துக்கு மந்தம் வாரத்தின் பக்கம் தள்ளப்பட்டார்கள். பணம் சுருங்கிய காலங்களில் கை ஓங்கியிருந்தது விளம்பரம் கொடுப்பவர்களுக்குத்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இதற்கான அறிகுறி அதிகம் தெரியவில்லை. அமெரிக்காவில் இணைய விளம்பர வருமானம் 1996இல் 26.7 கோடி டாலர். நான்கே ஆண்டில், 2000இல், அது 810 கோடி டாலரை எட்டியது. ஆயிரம் முறை விளம்பரம் காட்டப்பட்டால் இவ்வளவு என்பது அன்றைய நடைமுறை. எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்பதுதான் ஒரு தளத்தின் மதிப்பைத் தீர்மானித்தது. லாபம் பின்னால் வரும் என்று முதலீட்டாளர்கள் நம்பினார்கள். அரட்டை, முகப்புப் பக்கம் ஆகியவற்றை இலவசமாகத் தந்த தகுளோப்.காம் 1998 நவம்பர் 13 அன்று பங்குச் சந்தைக்கு வந்தபோது, 9 டாலருக்கு வெளியிட்ட பங்கு ஒரே நாளில் ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. ஆல்அட்வான்டேஜ் என்ற நிறுவனம் 1999இல் இன்னும் ஒரு படி தாண்டியது: கணினித் திரையில் தன் விளம்பரப் பட்டையை வைத்துக்கொண்டு இணையத்தில் உலவுபவர்களுக்கு மணிக்கு 50 சென்ட் கொடுத்தது. பார்வைக்கு விலை உண்டு என்ற நம்பிக்கை, பார்ப்பவருக்கே கூலி கொடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

பெரிய தளங்களைப் போல விளம்பரப் பிரிவு வைத்துக்கொள்ள முடியாத சிறு தளங்களுக்கு வேறு ஏற்பாடுகள் வந்தன. 1996இல் தொடங்கிய லிங்க்எக்ஸ்சேஞ்ச், பண்டமாற்று முறையில் இயங்கியது. ஒரு தளம் மற்றவர்களின் விளம்பரத்தை இரண்டு முறை காட்டினால், அதன் விளம்பரம் வேறெங்கோ ஒரு முறை காட்டப்படும். மிச்சம் ஒரு பங்கை லிங்க்எக்ஸ்சேஞ்ச் விற்றுக் காசாக்கிக்கொள்ளும். 1998இல் மைக்ரோசாப்ட் அதை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. அமேசான் 1996 ஜூலையில் தொடங்கிய கூட்டாளர் திட்டம் முற்றிலும் வேறு வகை. புத்தகத்தைப் பற்றி எழுதுபவர் அமேசானுக்கு ஓர் இணைப்பு கொடுக்கலாம்; அதன் வழியே போனவர் வாங்கினால் கமிஷன், வாங்காவிட்டால் ஒன்றும் இல்லை. அதே ஆண்டு புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம், காட்டியதற்குப் பணம் கொடுக்க மாட்டோம், கிளிக் செய்ததற்குத்தான் கொடுப்போம் என்று யாஹூவிடம் பேசி முடித்தது. நாட்டின் மிகப் பெரிய விளம்பரதாரர்களில் ஒன்று இப்படிப் பேரம் பேசியும், சந்தை கொழித்துக்கொண்டிருந்த வரை மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கொழிப்பின் அடியில் ஓர் ஓட்டை இருந்தது. இணையத்தில் விளம்பரம் கொடுத்தவர்களில் பெரும் பகுதியினர் மற்ற இணைய நிறுவனங்களே. முதலீட்டாளரிடம் வாங்கிய பணத்தை ஒரு நிறுவனம் இன்னொரு தளத்தில் விளம்பரமாகச் செலவழிக்கும்; அந்தத் தளம் அதை வருமானமாகக் கணக்குக் காட்டித் தானும் புதிய முதலீடு திரட்டும்; திரட்டியதில் ஒரு பகுதியை மூன்றாவது தளத்தில் விளம்பரத்துக்குக் கொடுக்கும். புதுப் பணம் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரை எல்லார் கணக்கிலும் வரவு தெரியும்.

2000 மார்ச் 10 அன்று நாஸ்டாக் குறியீடு 5,048 புள்ளியில் முடிந்தது. 2002 அக்டோபர் 9 அன்று அது 1,114. இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் முதலீடு வறண்டது. விளம்பரம் கொடுத்த நிறுவனங்கள் மூடப்பட்டன. அந்த விளம்பரத்தை நம்பிய தளங்களும் அடுத்தடுத்துச் சாய்ந்தன. செல்லப்பிராணிப் பொருட்கள் விற்ற பெட்ஸ்.காம் 2000 நவம்பரில் கடையைக் கட்டியது. ஆல்அட்வான்டேஜ் 2001 பிப்ரவரியில் நின்றது. இணைய எழுத்துக்கு ஒரு தனி நடையை உருவாக்கிய சக், பீட் என்ற இரு இதழ்களும் 2001 ஜூனில் ஒன்றாக ஓய்ந்தன; தகுளோப் தளம் ஆகஸ்டில் மூடப்பட்டது. இணைய விளம்பர வருமானம் 2001இல் 713 கோடியாகவும் 2002இல் 601 கோடியாகவும் சரிந்தது. விலையும் கூடவே விழுந்தது. மாதம் ஒரு லட்சம் பக்கப் பார்வை உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொண்டால், ஆயிரம் பார்வைக்கு 10 டாலர் கிடைக்கும்போது அதற்கு 1,000 டாலர் வரும். அதே ஆயிரம் பார்வை 1 டாலருக்கு இறங்கினால் வருவது 100 டாலர். எழுதும் உழைப்பும் வாசகர் எண்ணிக்கையும் அப்படியே இருந்தும், சர்வர் வாடகைக்கே திண்டாட்டம்.

தளங்கள் முதலில் செய்தது சத்தத்தைக் கூட்டுவதுதான். அமெரிக்க இணைய விளம்பரத் துறையின் கூட்டமைப்பு 2001 பிப்ரவரியில் புதிய அளவுகளை அறிவித்தது: பக்கத்தின் ஓரத்தில் நெடுக நிற்கும் 160க்கு 600, கட்டுரையின் நடுவே உட்காரும் 300க்கு 250, 336க்கு 280. இன்றைக்கும் செய்தித் தளங்களில் தென்படும் பெரிய விளம்பரக் கட்டங்கள் அந்த மந்தத்தில் பிறந்தவை. தொண்ணூறுகளில் டிரைபாட் தளத்துக்காக எழுதப்பட்ட, பக்கத்தின் மேல் தானாகத் திறக்கும் துள்ளல் சன்னலுக்கான நிரல், இப்போது எல்லாரும் எடுத்துக்கொண்ட ஆயுதமாயிற்று. 2001இல் எக்ஸ்10 என்ற நிறுவனத்தின் கம்பியில்லாக் கேமரா விளம்பரம், படிக்கும் பக்கத்துக்குக் கீழே தனிச் சன்னலாக ஒளிந்து திறந்துகொண்டது. இப்படித் திறந்த சன்னல்களே வருகையாக எண்ணப்பட்டதால், அந்த நிறுவனத்தின் தளம் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட தளங்களின் பட்டியலில் முன்வரிசைக்கே வந்துவிட்டது. படிப்பவர்களின் பொறுமை எவ்வளவு செலவானது என்பதை யாரும் எண்ணவில்லை. விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது: உலவிகள் துள்ளல் சன்னல்களைத் தடுக்கத் தொடங்கின, 2004இல் மைக்ரோசாப்டும் விண்டோஸ் எக்ஸ்பிக்கான தன் மேம்படுத்தலில் அந்தத் தடுப்பைச் சேர்த்தது.

இதே ஆண்டுகளில் ஒரே ஒரு வகை விளம்பரம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவின் பசடினாவில் பில் கிராஸ் 1998இல் தொடங்கிய கோடூ.காம், தேடல் சொற்களை ஏலம் விட்டது. ஒரு சொல்லைத் தேடும்போது யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதை ஏலத் தொகை தீர்மானிக்கும். ஆனால் அந்தத் தொகை காட்டப்பட்டதற்கு அல்ல, கிளிக் செய்யப்பட்டதற்கு. ஒவ்வொரு முடிவுக்குப் பக்கத்திலும் விளம்பரதாரர் எத்தனை சென்ட் கொடுக்கிறார் என்பதையும் வெளிப்படையாகவே அச்சிட்டது. தேடலைக் காசுக்கு விற்கிறார்கள் என்ற ஏளனம் இருந்தது. மந்தம் வந்ததும் அந்தக் கணக்கின் அருமை புரிந்தது. பூ விற்பவர் ஒரு கிளிக்குக்கு 20 சென்ட் கொடுத்து, நூறு கிளிக்கில் இரண்டு பூங்கொத்து விற்றால், தனக்கு லாபமா நஷ்டமா என்பதை அன்று மாலையே கண்டுகொள்ளலாம். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் நெருக்கும் காலத்தில், பலனை எண்ணிக் காட்ட முடிந்த விளம்பரம் மட்டும் வெட்டுக்குத் தப்பியது. கோடூவின் வருமானம் 2000இல் ஏறத்தாழ 10 கோடி டாலர்; ஓவர்சூர் என்று பெயர் மாறிய 2001இல் 28 கோடிக்கு மேல். 2003இல் யாஹூ அதை 163 கோடி டாலருக்கு வாங்கியது.

கூகுளின் ஆட்வேர்ட்ஸ் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு தொடங்கியபோது, அதுவும் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் வாங்கியது. 2002 பிப்ரவரியில் கிளிக் கணக்குக்கும் ஏலத்துக்கும் மாறியது. கூடவே, அதிகம் கிளிக் செய்யப்படும் விளம்பரம் குறைந்த ஏலத் தொகையிலும் மேலே வரலாம் என்ற விதியைச் சேர்த்தது. 2001இல் 8.6 கோடி டாலராக இருந்த அந்த நிறுவனத்தின் வருமானம் 2002இல் ஏறத்தாழ 44 கோடியானது. மொத்த இணைய விளம்பரத்தில் தேடலின் பங்கு 2000இல் 1 விழுக்காடு, 2003இல் 35 விழுக்காடு. பட்டை விளம்பரம் விட்டுப்போன இடத்தை மந்தத்தின் மூன்றே ஆண்டில் தேடல் பிடித்துக்கொண்டது.

சிறு தளங்களுக்கு இதில் பங்கு கிடைத்தது 2003இல். அப்ளைடு செமான்டிக்ஸ் என்ற நிறுவனத்தை 10.2 கோடி டாலருக்கு வாங்கிய கூகுள், அந்த ஆண்டு ஜூனில் ஆட்சென்ஸ் திட்டத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டது. சில வரி நிரலைத் தளத்தில் ஒட்டினால் போதும். பக்கத்தில் எழுதியிருப்பதை மென்பொருள் படித்து, அதற்குப் பொருத்தமான விளம்பரத்தைத் தானே போடும். மீன்தொட்டி வளர்ப்பைப் பற்றி எழுதுபவரின் பக்கத்தில் மீன் தீவனம் விற்பவரின் விளம்பரம் வரும். விளம்பரதாரரைத் தேடி அலைய வேண்டாம், விலை பேச வேண்டாம், பாக்கி வசூலிக்க வேண்டாம். தனி ஆள் நடத்தும் தளத்துக்கும் பெரிய பத்திரிகையின் தளத்துக்கும் ஒரே வாசல். இணையத்தில் எழுதிப் பிழைக்கலாம் என்ற எண்ணம் சாதாரண மனிதர்களுக்கு வந்தது இங்கிருந்துதான். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் விலை என்ன, தன் பங்கு எவ்வளவு என்பது இடம் கொடுத்தவருக்குத் தெரியாது. கட்டுரைப் பக்கங்களின் விளம்பரத்தில் 68 விழுக்காடு தளத்துக்குப் போகிறது என்பதைக் கூகுள் 2010 மே மாதத்தில்தான் வெளியே சொன்னது. ஏழு ஆண்டுகள் பங்கு தெரியாமலே வாரம் நடந்திருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பணம் தபாலில் வந்தது. கணக்கில் சிறு தொகை சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ரகசிய எண் அச்சிட்ட ஓர் அட்டை வெளிநாட்டிலிருந்து புறப்படும். அது வீடு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். வராமல் போனால் மறுபடி கேட்டுக் காத்திருக்க வேண்டும். எண்ணைத் தளத்தில் பதிந்த பிறகும், 100 டாலர் நிறையும் வரை ஒன்றும் கிடைக்காது. நிறைந்ததும் காசோலை வரும். அதை வங்கியில் போட்டு, பணமாகும் வரை இன்னொரு காத்திருப்பு. நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தும் வசதி பின்னாளில் வந்ததே. இத்தனை தாமதத்தையும் தாங்கி இதை முழுநேரத் தொழிலாக்கியவர்கள் உண்டு. வேலையை விட்டுவிட்டு 2004இல் ஆக்ராவிலிருந்து டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன் என்ற ஆங்கிலத் தளத்தைத் தொடங்கிய அமித் அகர்வால் அவர்களில் முன்னோடி.

இந்தியாவின் முதல் இணையக் கொழிப்பும் சரிவும் அமெரிக்காவின் நிழலில் நடந்தவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே, 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் பங்கு வெளியிட்டு, அடுத்த மாதமே ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய் விலைக்குப் பேசியது. சமாச்சார், கேல், கோஜ், பாவர்ச்சி என்று செய்தி, விளையாட்டு, தேடல், சமையல் தளங்கள் அதனுள் அடக்கம். பார்வையாளர் எண்ணிக்கையை எதிர்கால வருமானமாக மதிப்பிட்டுப் போட்ட விலை அது. சில மாதங்களில் நாஸ்டாக் சரிந்தது. அப்படியொரு விலைக்குப் பிறகு நீண்ட காலம் இந்தியத் தளம் எதுவும் போகவில்லை.

விளம்பரம் கைவிட்டபோது வாசகரிடமே கையேந்தும் யோசனையும் முதல் மந்தத்தில்தான் பரவலாகச் சோதிக்கப்பட்டது. சலோன் இதழ் 2001இல் ஆண்டுக்கு 30 டாலர் சந்தாவில் விளம்பரமில்லாப் பதிப்பைக் கொண்டுவந்தது. கணினி ஆர்வலர்களின் ஸ்லாஷ்டாட் 2002 மார்ச்சில், 5 டாலர் கொடுத்தால் 1,000 பக்கம் விளம்பரமின்றிப் படிக்கலாம் என்றது. இந்த விலை நிர்ணயம் கவனிக்கத் தக்கது: விளம்பரதாரர் ஆயிரம் பார்வைக்குக் கொடுத்த விலையை வாசகரின் தலையில் அப்படியே மாற்றி எழுதிய கணக்கு அது. அமேசான் 2001 பிப்ரவரியில், எந்தத் தளமும் வாசகரிடமிருந்து சில்லறை நன்கொடை வாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாட்டைத் தொடங்கி, அதில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டது. இவை தளங்களை மூச்சு விடவைத்தன, அவ்வளவே. இணையத்தில் எல்லாம் இலவசம் என்று ஏழெட்டு ஆண்டு பழக்கிய பிறகு, பணம் கேட்டவுடன் கொடுப்பவர்கள் குறைவாகவே இருந்தார்கள். 2003இல் விளம்பர வருமானம் 727 கோடிக்கு மீண்டதும் பல தளங்கள் இந்த முயற்சியை ஆறப்போட்டன. நியூயார்க் டைம்ஸ் 2005 செப்டம்பரில் தன் பத்தி எழுத்தாளர்களைக் கட்டணச் சுவருக்குள் வைத்து, இரண்டே ஆண்டில், 2007 செப்டம்பரில், சுவரை இடித்தது. சந்தாவைவிடத் தேடல் வழியாக வரும் வாசகரும் அவர் தலைக்கு வரும் விளம்பரமும் அதிகம் தரும் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு போட்ட மூன்றாவது மாதத்தில் அமெரிக்கா அடுத்த மந்தத்துக்குள் நுழைந்தது.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. இந்த முறை இணைய விளம்பரம் மொத்தத்தில் அதிகம் சரியவில்லை: 2008இல் 2,340 கோடி டாலர், 2009இல் 3.4 விழுக்காடு குறைந்து 2,270 கோடி. அதே ஆண்டில் அமெரிக்க அச்சுப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. டென்வரின் ராக்கி மவுண்டன் நியூஸ் 2009 பிப்ரவரி 27 அன்று கடைசி இதழை வெளியிட்டது. சியாட்டிலின் போஸ்ட்-இன்டெலிஜென்சர் மார்ச்சில் அச்சை நிறுத்தி, வெட்டிக் குறைத்த ஆட்களுடன் இணையதளமாக மட்டும் தொடர்ந்தது. விளம்பரம் அச்சிலிருந்து இணையத்துக்கு வந்ததென்னவோ உண்மை. அது செய்தித் தளங்களுக்கு வரவில்லை. பெரும் பகுதி தேடலுக்குப் போயிற்று. 2009இல் இணைய விளம்பரத்தின் ஏறத்தாழ 59 விழுக்காடு கிளிக், விற்பனை போன்ற பலனுக்கு விலை வைத்து விற்கப்பட்டது. பார்வைக் கணக்கில் விற்றது 37 விழுக்காடுதான். பதினைந்து ஆண்டுக்கு முன் ஹாட்வயர்ட் பேசிய குத்தகை இப்போது சிறுபான்மை.

வேலை இழந்தவர்கள் தளம் தொடங்கிப் பிழைத்த கதைகள் இந்த மந்தத்தில்தான் பெருகின. அவற்றில் அதிகம் பேசப்பட்டது கலிபோர்னியாவின் பாட் பிளின் பற்றியது. கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பசுமைக் கட்டடத் தகுதித் தேர்வுக்குப் படித்தபோது எழுதிய குறிப்புகளை வசதிக்காக ஒரு தளத்தில் போட்டு வைத்திருந்தார். 2008இல் வேலை போயிற்று. தளத்தைத் திறந்து பார்த்தபோது, அதே தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து போயிருந்தது தெரிந்தது. முதலில் ஆட்சென்ஸ் நிரலை ஒட்டினார், வந்தது சில்லறை. பிறகு அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 20 டாலருக்குள் ஒரு மின்னூலாக விற்றார். முதல் மாத விற்பனை ஏறத்தாழ 7,900 டாலர் என்று அவரே வெளியிட்ட கணக்கு சொல்கிறது. வாசகர் கூட்டம் ஒன்றுதான். கிளிக்கை விற்றபோது கிடைத்ததற்கும், அவர்களுக்குத் தேவையான பொருளை நேரடியாக விற்றபோது கிடைத்ததற்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு. வேலையிழப்புக் காலத்தில் தகுதித் தேர்வு எழுதுபவர்கள் கூடுவார்கள் என்பதும் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். இந்தக் கதையைப் பின்பற்றிக் கிளம்பியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் தேர்வுக் குறிப்பு போன்ற உள்ளடக்கம் எதுவும் இல்லாமல், இணையத்தில் பணம் ஈட்டுவது எப்படி என்பதையே விற்பனைப் பொருளாக்கியது அந்த ஆண்டுகளின் ஒரு கேடு.

கமிஷனை நம்பியவர்களுக்கு அடி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மந்தத்தில் வரி வசூல் குறைந்த அமெரிக்க மாநிலங்கள், இணைய விற்பனைக்கு வரி போட வழி தேடின. தன் எல்லைக்குள் கடையோ கிடங்கோ இல்லாத நிறுவனத்திடம் விற்பனை வரி கேட்க முடியாது என்பது அன்றைய சட்டம். நியூயார்க் மாநிலம் 2008இல் ஒரு வழி கண்டது: அங்கே வசிக்கும் ஒருவர் தன் தளத்தில் அமேசானுக்கு இணைப்புக் கொடுத்துக் கமிஷன் வாங்கினால், அவரை அமேசானின் முகவராகக் கருதலாம். அமேசான் அங்கே வழக்காடிக்கொண்டே வரியை வசூலித்தது. ஆனால் வட கரோலினாவும் ரோட் தீவும் 2009இல் இதே சட்டத்தைக் கையில் எடுத்தபோது, அந்த மாநிலங்களின் கூட்டாளர்கள் அனைவரையும் ஒரேயடியாக நீக்கியது. கொலராடோவில் 2010இலும் கலிபோர்னியாவில் 2011 ஜூனிலும் இதுவே நடந்தது. கலிபோர்னியாவில் மட்டும் சில மாதங்களில் உடன்பாடு ஏற்பட்டு அவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். சமையல் குறிப்பும் புத்தக மதிப்புரையும் எழுதி மாதம் சில நூறு டாலர் பார்த்தவர்கள், அரசுக்கும் பெருங்கடைக்கும் நடந்த வழக்கில் எந்தத் தரப்பும் இல்லாதவர்கள். வருமானம் நின்றது அவர்களுக்கு.

மந்தம் எழுத்தின் கூலியையும் அறுத்தது. டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம், மக்கள் என்ன தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர் எவ்வளவு கொடுப்பார் என்று மென்பொருளால் கணக்கிட்டு, அந்தத் தலைப்பில் கட்டுரைக்கு 15 டாலர் அளவில் கூலி கொடுத்து எழுதி வாங்கியது. வேலையிழந்த பத்திரிகையாளர்களும் அந்தக் கூலிக்கு எழுதினார்கள். 2011 ஜனவரியில் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தைவிட அதிகம். அடுத்த மாதமே கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. தரம் குறைந்த பக்கங்களைக் கீழே தள்ளுவதற்கான அந்த மாற்றம், அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைப் பாதித்தது. நோக்கம் சரியானதே; ஆனால் ஒரு நிறுவனம் முடிவுகளின் வரிசையை மாற்றினால், ஆயிரக்கணக்கான தளங்களின் பிழைப்பு ஒரே இரவில் மாறும் என்பதையும் அது காட்டியது. கேள்வி-பதில் சமூகத் தளமான மெட்டாபில்டர் இதற்குச் சான்று. 2012 நவம்பரில் இன்னொரு மாற்றத்தில் அதன் வருகையும் வருமானமும் 40 விழுக்காடு விழுந்தன. 2014இல் ஆட்களைக் குறைக்க வேண்டிவந்தது. நாட்டில் மந்தம் நீங்கியிருந்தும் அந்தத் தளத்துக்கு மட்டும் ஒரு மந்தம்.

நியூயார்க் டைம்ஸ் மறுபடி வாசகரிடம் வந்தது. 2009 ஜனவரியில் மெக்சிகோவின் கார்லோஸ் ஸ்லிமிடம் 25 கோடி டாலர் கடன் வாங்கும் நிலைக்கு ஆளான நிறுவனம், 2011 மார்ச் 28 அன்று மாதம் 20 கட்டுரை வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்ற முறையைத் தொடங்கியது. ஆண்டு முடிவில் ஏறத்தாழ 3,90,000 பேர் சேர்ந்திருந்தார்கள். 2012இல், அந்தப் பத்திரிகை வரலாற்றில் முதல் முறையாக, வாசகர் கொடுத்த பணம் விளம்பரப் பணத்தைத் தாண்டியது. 2001இல் தோற்ற யோசனை பத்தாண்டு கழித்து வென்றதற்குக் காரணங்கள் உண்டு. கடன் அட்டையை இணையத்தில் பயன்படுத்தும் பழக்கம் வந்துவிட்டது. கைபேசியும் பலகைக் கணினியும் வந்துவிட்டன. எல்லாவற்றையும் மூடாமல், அதிகம் படிப்பவரிடம் மட்டும் கேட்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. இருந்தாலும் உலகெங்கும் வாசகர் உள்ள ஆங்கிலப் பத்திரிகைக்குச் சாத்தியமானது, ஒரு மாவட்டத்துக்கு எழுதும் தளத்துக்கு அவ்வளவு எளிதில் கைகூடவில்லை.

தமிழில் எழுதியவர்களுக்கு இந்த இரண்டு மந்தங்களிலும் வருமானம் என்ற கேள்வியே எழவில்லை. 2004 முதல் தமிழ்மணம் திரட்டியைச் சுற்றி வலைப்பதிவுகள் செழித்தபோது ஆட்சென்ஸ் பட்டியலில் தமிழ் இல்லை. மென்பொருளுக்குத் தமிழ்ப் பக்கம் எதைப் பற்றியது என்று தெரியாது. இந்தி 2014 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. தமிழ் 2018 பிப்ரவரியில்தான் சேர்ந்தது. ஆட்சென்ஸ் வந்து பதினைந்து ஆண்டு ஆவதற்குள் வலைப்பதிவுகளின் உற்சாகம் அடங்கி, எழுதியவர்களில் பலர் முகநூலுக்குப் போய்விட்டிருந்தார்கள். தமிழிணையத்தின் மிகச் செழிப்பான எழுத்து ஒரு காசும் பாராமல் எழுதப்பட்டது. அதில் பெருமைப்பட இடம் இருக்கிறது. எழுத்தை முழுநேரமாகத் தொடர வழியில்லாமல் எத்தனை பேர் நிறுத்திக்கொண்டார்கள் என்று வருந்தவும் இடம் இருக்கிறது.

மூன்றாவது மந்தம் நோயால் வந்தது. இரண்டே மாதம்தான் நீடித்தது. 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட அந்தச் சுருக்கத்தில் வினோதமான ஒன்று நடந்தது. செய்தித் தளங்களுக்கு வரலாறு காணாத கூட்டம். விளம்பர விலையோ சரிவு. கொரோனா என்ற சொல் உள்ள பக்கத்தில் தங்கள் பெயர் வர வேண்டாம் என்று விளம்பரதாரர்கள் அந்தச் சொல்லையே தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். மக்கள் மிக அதிகம் தேடிப் படித்த, உயிர்காக்கும் செய்திகள் விளம்பரமின்றிப் போயின. பயணத் தளங்களுக்கு வாசகரே இல்லை. சமையல் தளங்களுக்கு வாசகர் பெருகினர். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அமெரிக்க இணைய விளம்பரம் முந்தைய ஆண்டைவிட 5.2 விழுக்காடு இறங்கி, ஆண்டின் பிற்பகுதியில் பாய்ந்து எழுந்தது. ஆண்டு மொத்தம் 13,980 கோடி டாலர், 12.2 விழுக்காடு உயர்வு. அதில் முக்கால் பங்குக்கு மேல் முதல் பத்து நிறுவனங்களுக்கே. வேலையிழந்த எழுத்தாளர்களில் ஒரு பகுதியினர், வாசகரிடம் மாதச் சந்தா வாங்கி மின்னஞ்சலில் எழுதும் சப்ஸ்டாக்கை நாடினார்கள். ஆண்டு முடிவில் அதற்கு ஏறத்தாழ 2,50,000 கட்டண வாசகர்கள்.

கமிஷன் தளங்களுக்கு இந்த முறையும் அமேசானிடமிருந்து அறிவிப்பு வந்தது. மார்ச்சில் அமேசான், அத்தியாவசியம் அல்லாத பொருட்களைக் கிடங்கில் ஏற்பதைச் சில வாரம் நிறுத்தியிருந்தது. அடுத்து, 2020 ஏப்ரல் 21 முதல் கமிஷன் வெட்டு: அறைகலனுக்கும் வீட்டுச் சீரமைப்புப் பொருட்களுக்கும் 8 விழுக்காடு 3 ஆனது, மளிகைக்கு 5 விழுக்காடு 1 ஆனது. மேசை நாற்காலியை ஒப்பிட்டு எழுதி, 200 டாலர் விற்பனைக்கு 16 டாலர் பெற்றவருக்கு இனி 6 டாலர். வீட்டில் அடைபட்டவர்கள் அலுவலக மேசையும் தோட்டக் கருவியும் வாங்கிக் குவித்த ஆண்டு அது. அமேசானின் மொத்த விற்பனை 2020இல் 38 விழுக்காடு உயர்ந்து 38,600 கோடி டாலரானது. வெட்டிய கமிஷன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.